புட்ச் ஓஹேர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிகாகோ விமான நிலையத்தின் பெயரைப் பார்த்துவிட்டுச் சிலர் கேட்கிறார்கள். ஒரு தாதாவின் வக்கீலையும் அவருடைய வீர மகனையும் பற்றிய உருக்கமான கதையை வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு வேறு சிலர் கேட்கிறார்கள். விமானப் போர் வரலாற்றில் எனக்கு ஆர்வம் உண்டு என்பதால் இந்தக் கேள்விகள் சுற்றிச் சுற்றி என்னிடமே வருகின்றன. தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. எளிய கேள்விகள் முதலில், வில்லங்கமானவை பின்னால்.

யார் இந்த ஓஹேர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

எட்வர்ட் ஹென்றி ஓஹேர், அமெரிக்கக் கடற்படையின் போர் விமானி. எல்லோரும் 'புட்ச்' என்று கூப்பிட்டார்கள். 1914 மார்ச் 13 அன்று மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தார். 1937-ல் அன்னாபொலிஸ் கடற்படை அகாடமியில் படிப்பை முடித்து, நியூ மெக்சிகோ என்ற போர்க்கப்பலில் சில காலம் வேலை பார்த்தார். 1939-ல் விமானப் பயிற்சிக்காக ஃபுளோரிடாவின் பென்சகோலாவுக்குப் போனார்.

1942 பிப்ரவரி 20 அன்று, தன்னுடைய விமானந்தாங்கிக் கப்பலை நோக்கி வந்த ஜப்பானிய குண்டுவீச்சு விமானங்களைத் தன்னந்தனியாக எதிர்கொண்டார். அதற்காக அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது. 1943 நவம்பர் 26 இரவு பசிபிக் கடலுக்கு மேலே காணாமல் போனார். அப்போது வயது 29.

சிகாகோ விமான நிலையத்துக்கு இவர் பெயரா? அவர் சிகாகோக்காரரா?

இவர் பெயர்தான். ஆனால் சிகாகோக்காரர் இல்லை. அங்கே வேலை பார்த்தவர் அவருடைய அப்பா. பெற்றோர் பிரிந்த பிறகு அப்பா சிகாகோவுக்குப் போய்விட்டார். புட்ச்சும் இரண்டு தங்கைகளும் அம்மாவோடு செயின்ட் லூயிஸிலேயே இருந்தார்கள்.

அந்த விமான நிலையத்தின் பழைய பெயர் ஆர்ச்சர்ட். பயணச்சீட்டில் இன்றைக்கும் 'ஓஆர்டி' என்று வருவது அதன் மிச்சம். சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகையின் அதிபர் ராபர்ட் மெக்கார்மிக், ஓஹேரின் பெயரை வைக்கச் சொன்னார். 1949-ல் பெயர் மாறியது. அதற்கு முன்பே, 1945-ல், ஒரு நாசகாரிக் கப்பலுக்கும் ஓஹேர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

'ஏஸ்' என்கிறார்களே, அது பதவியா பட்டமா?

இரண்டும் இல்லை. வான் சண்டையில் ஐந்து எதிரி விமானங்களையாவது வீழ்த்திய விமானியை அப்படிச் சொல்வது வழக்கம். முதல் உலகப் போர் காலத்திலிருந்து இருக்கிற பழக்கம் இது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக்குக் கிடைத்த முதல் ஏஸ் ஓஹேர். அந்த ஐந்தும் ஒரே சண்டையில் அவர் கணக்கில் எழுதப்பட்டவை. அந்த எண்ணிக்கையில் ஒரு சிக்கல் இருக்கிறது, கீழே வருகிறேன்.

பிப்ரவரி 20 அன்று என்னதான் நடந்தது?

லெக்சிங்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் துணைக் கப்பல்களும், வைஸ் அட்மிரல் வில்சன் பிரவுன் தலைமையில், நியூ பிரிட்டன் தீவில் இருந்த ரபவுல் துறைமுகத்தைத் திடீரென்று தாக்கப் போய்க்கொண்டிருந்தன. ரபவுல் இன்று பப்புவா நியூ கினி நாட்டில் இருக்கிறது. ஜப்பானியர்கள் அதைப் பிடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. காலையிலேயே ஜப்பானிய வேவு விமானங்கள் கப்பல்களைப் பார்த்துத் தகவல் சொல்லிவிட்டன. அவற்றில் இரண்டை லெக்சிங்டனின் விமானிகள் வீழ்த்தினாலும் ரகசியம் போய்விட்டது. பிற்பகலில் ரபவுலிலிருந்து 17 இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள் இரண்டு கூட்டமாகக் கிளம்பின.

முதலில் வந்தவை ஒன்பது. லெக்சிங்டனின் போர் விமானங்கள் அவற்றின் மேல் பாய்ந்து சிதறடித்தன. இதில்தான் ஆபத்து இருந்தது. எல்லோரும் அந்த ஒன்பதைத் துரத்திக்கொண்டு தூரமாகப் போயிருந்த நேரத்தில், எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டாவது கூட்டம் வருவதை ரேடார் காட்டியது. அதில் எட்டு விமானங்கள். கப்பலுக்கு அருகே அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஓஹேரும் அவருடைய ஜோடி விமானி மேரியன் டஃபிலோவும் மட்டும்தான்.

ஓஹேர் உயரத்திலிருந்து சாய்வாகப் பாய்ந்தார். கூட்டத்தின் வலது ஓரத்து விமானத்தின் எஞ்சினிலும் எரிபொருள் தொட்டியிலும் சுட்டார். அப்புறம் இடது பக்கம் தாண்டி அந்த ஓரத்து விமானத்தைப் பிடித்தார். மறுபடி மேலே ஏறினார், மறுபடி பாய்ந்தார். ஒரு பாய்ச்சலில் கூட்டத்தின் தலைவர் தகுசோ இட்டோ இருந்த விமானத்தின் இடது எஞ்சின் அப்படியே பிய்ந்து விழுந்தது. இதெல்லாம் சில நிமிடங்களுக்குள். தோட்டா தீர்ந்ததும் கப்பலின் பீரங்கிகளுக்கு வழிவிட்டு விலகினார். மிச்சமிருந்த விமானங்கள் போட்ட குண்டுகளில் ஒன்றுகூட லெக்சிங்டன் மேல் விழவில்லை. அன்று வந்த 17 விமானங்களில் 15 திரும்பிப் போகவில்லை.

கூட இருந்த டஃபிலோ என்ன செய்தார்? பயந்து ஒதுங்கிவிட்டாரா?

இல்லவே இல்லை. அவருடைய துப்பாக்கிகள் மக்கர் செய்துவிட்டன. ஒரு தோட்டாகூட வெளியே வராத விமானத்தை வைத்துக்கொண்டு அவர் செய்ய எதுவும் இருக்கவில்லை. அவர்கள் ஓட்டிய வைல்ட்கேட் ரகப் போர் விமானங்களில் அந்தக் காலத்தில் துப்பாக்கி சிக்கிக்கொள்வது அடிக்கடி நடந்த விஷயம். வேகமாகத் திரும்பும்போது தோட்டாப் பட்டை பெட்டிக்குள் நழுவிச் சிக்கிக்கொள்ளும்.

இரண்டு பேரில் யாருடைய துப்பாக்கி மக்கர் செய்யும் என்பது அதிர்ஷ்டம். அது தலைகீழாக நடந்திருந்தால் இன்று விமான நிலையத்துக்கு வேறு பெயர் இருந்திருக்கலாம். டஃபிலோ அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று கிழக்கு சாலமன் தீவுச் சண்டையில் இறந்தார். அவரைக் கோழை மாதிரி எழுதும் கதைகளைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வரும்.

எட்டு விமானங்களும் திருப்பிச் சுடாமலா இருந்தன? இவர் எப்படித் தப்பித்தார்?

சுட்டன. மிட்சுபிஷி ஜி4எம் ரக விமானங்கள் அவை. பிற்பாடு நேச நாடுகள் அதற்கு 'பெட்டி' என்று பெயர் வைத்தன. வாலில் 20 மில்லிமீட்டர் பீரங்கி உண்டு, சுற்றிலும் இயந்திரத் துப்பாக்கிகள் உண்டு. நேர் பின்னால் போய் ஒட்டிக்கொள்கிறவர் அந்தப் பீரங்கிக்கு நேராக நிற்கிறார். அன்றைய சண்டையில் அமெரிக்கர்கள் இரண்டு போர் விமானங்களையும் ஒரு விமானியையும் இழந்தார்கள்.

ஓஹேர் பின்னாலிருந்து போகவில்லை. மேலே பக்கவாட்டிலிருந்து வெட்டிக்கொண்டு இறங்கினார். இப்படி வரும்போது எதிரியின் துப்பாக்கிக்காரருக்குக் குறி கிடைப்பது கஷ்டம். ஆனால் தாக்குகிறவருக்கும் கஷ்டம்தான். இரண்டு விமானங்களும் வெவ்வேறு திசையில் ஓடிக்கொண்டிருக்க, எதிரி இப்போது இருக்கும் இடத்தில் சுட்டுப் பயனில்லை. தோட்டா போய்ச் சேரும் நேரத்தில் அவன் எங்கே இருப்பான் என்று கணக்குப் போட்டு, வெறும் ஆகாயத்தைப் பார்த்துச் சுட வேண்டும். அமெரிக்கக் கடற்படை இந்தப் பயிற்சிக்கு நிறைய நேரம் செலவிட்டது. ஓஹேர் அதில் மிகக் கெட்டிக்காரர். இன்னொரு காரணமும் உண்டு. கூட்டத்தின் ஓரத்து விமானத்தை முதலில் தாக்கினால், உள்ளே இருக்கும் மற்ற விமானங்களின் துப்பாக்கிகள் பல, தங்கள் சகாக்களே குறுக்கே இருப்பதால், சரியாகச் சுட முடியாது.

முடிவில் அவருடைய விமானத்தில் ஒரே ஒரு தோட்டா ஓட்டை. இடது இறக்கையில் பட்டு வேகமானியைக் கெடுத்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், திரும்பி வந்து தளத்தில் இறங்கும்போது சொந்தக் கப்பலிலிருந்தே ஒரு பதற்றக்கார மாலுமி அவரைச் சுட்டார். அதுவும் படவில்லை. ஓஹேர் இறங்கிய பிறகு அந்தப் பையனைத் தேடிப் போய், இன்னொரு தடவை நான் சக்கரத்தை இறக்கியிருக்கும்போது சுட்டால் உன் அதிகாரியிடம் சொல்லிவிடுவேன் என்கிற மாதிரி சொன்னாராம்.

34 நொடிக்குத்தான் தோட்டா இருந்தது என்பது உண்மையா?

கிட்டத்தட்ட உண்மை. அவருடைய எஃப்4எஃப்-3 வைல்ட்கேட்டில் நான்கு துப்பாக்கிகள், ஒவ்வொன்றுக்கும் 450 தோட்டாக்கள். விசையை விடாமல் அழுத்தினால் சுமார் 34 நொடியில் எல்லாம் காலி. அதனால்தான் முந்தைய பதிலில் குறிபார்ப்பதைப் பற்றி அவ்வளவு சொன்னேன். எட்டு விமானங்களை எதிர்த்துக் கையில் அரை நிமிடத்துச் சூடு மட்டும் இருக்கும்போது, தாறுமாறாகச் சுடுகிற துணிச்சல் எதற்கும் உதவாது.

ஜப்பானியர்கள் ஏன் போர் விமானத் துணை இல்லாமல் வந்தார்கள்? அது முட்டாள்தனம் இல்லையா?

ரபவுலிலிருந்து கப்பல் வெகு தூரத்தில் இருந்தது. அவ்வளவு தூரம் போய்வரப் போர் விமானங்களுக்குக் கூடுதல் எரிபொருள் டாங்க் தேவை. அவை அப்போது ரபவுலுக்கு வந்து சேரவில்லை. கப்பலைக் கவிழ்க்க டார்பிடோதான் சிறந்த ஆயுதம், அதுவும் கையிருப்பில் இல்லை. ஒவ்வொரு விமானமும் 250 கிலோ குண்டுகளோடு வந்தது. காத்திருந்தால் அமெரிக்கக் கப்பல் நெருங்கிவந்து முந்திக்கொண்டு அடித்துவிடும். அவர்கள் நிலையில் வேறு யார் இருந்தாலும் அனுப்பியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஜி4எம் வெகுதூரம் பறக்கும். அதற்காகக் கவசத்தையும், ஓட்டை விழுந்தால் தானாக மூடிக்கொள்ளும் எரிபொருள் தொட்டியையும் தியாகம் செய்திருந்தார்கள். இறக்கை முழுக்கப் பெட்ரோல். ஓஹேர் எஞ்சின்களையும் இறக்கைகளையும் குறிவைத்ததற்குக் காரணம் இதுவே. வீரம் ஒரு பக்கம் மட்டும் இருந்ததாக நினைத்துவிடாதீர்கள். எஞ்சின் பிய்ந்துபோன இட்டோவின் விமானம், விழும்போதும் லெக்சிங்டன் மேலேயே மோதப் பார்த்தது. கொஞ்ச தூரம் தள்ளிக் கடலில் விழுந்தது.

எரிபொருள் நிரப்ப மறந்ததால் திரும்பி வந்தார், வழியில் எதிரிகளைப் பார்த்தார், தோட்டா தீர்ந்ததும் இறக்கையால் மோதினார் என்று படித்தேனே?

வாட்ஸ்அப்புக்கு முன்பே மின்னஞ்சலில் சுற்றிய கதை இது. கதாநாயகன் நிஜம், தேதி நிஜம், நடுவில் இருப்பது பெரும்பாலும் கற்பனை.

அவர் எரிபொருள் குறைந்து திரும்பிக்கொண்டிருக்கவில்லை. தாக்குதல் வருகிறது என்று தெரிந்து, கப்பலைக் காக்கவே மேலே அனுப்பப்பட்டவர். எதிரிகளைத் தற்செயலாகப் பார்க்கவும் இல்லை, கப்பலின் ரேடார் காட்டிய கூட்டத்தை நோக்கிப் போனார். தோட்டா தீர்ந்ததும் எந்த விமானத்தின் மேலும் மோதவில்லை, விலகினார். விமானத்தில் இருந்த கேமராவின் படம் வந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது என்று அந்தக் கதை சொல்வதும் சரியில்லை. கப்பல்களில் இருந்த மாலுமிகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவருடைய ஸ்குவாட்ரனின் (விமானப் பிரிவின்) தலைவர் ஜான் தாட்ச் உதவிக்கு ஓடிவந்தபோது, ஒரே நேரத்தில் மூன்று விமானங்கள் எரிந்தபடி விழுவதைப் பார்த்திருக்கிறார்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். நடந்ததே இவ்வளவு விறுவிறுப்பாக இருக்கும்போது எதற்கு மசாலா? மோதுவது ஆத்திரக்காரர் செய்யும் வேலை. ஓஹேர் ஒவ்வொரு பாய்ச்சலையும் திட்டமிட்டுச் செய்தார். கதையில் அந்த நிதானம் காணாமல் போய்விடுகிறது.

அப்பா, சிகாகோ தாதா அல் கபோனின் வக்கீலா? மகன் நல்ல பெயரோடு வாழ வேண்டும் என்றுதான் காட்டிக்கொடுத்தாரா?

முதல் பாதி ஓரளவு உண்மை. அப்பா எட்வர்ட் ஜோசப் ஓஹேர் வக்கீல். நாய்ப் பந்தயத்தில் ஓடவிடும் இயந்திர முயலின் உரிமை அவர் கையில் இருந்தது, அதன் வழியாகப் பந்தய மைதானங்களில் நுழைந்தார். சிகாகோவில் அந்தத் தொழிலில் இருந்தால் கபோன் கும்பலோடு கைகோத்துத்தான் ஆக வேண்டும், அவரும் கைகோத்தார், நன்றாகச் சம்பாதித்தார். அப்புறம் வருமான வரித்துறைக்கு ரகசியமாகத் தகவல் கொடுத்தார். 1931-ல் கபோன் வரி ஏய்ப்புக்காகத் தண்டிக்கப்பட்டதில் அந்தத் தகவலுக்குப் பங்கு உண்டு. அந்த வழக்கை விசாரித்த அதிகாரி ஃபிராங்க் வில்சன் இதை வெளிப்படையாகவே பாராட்டியிருக்கிறார்.

மகனுக்காக என்ற பாதியில்தான் இழுபறி. மகனை அன்னாபொலிஸில் சேர்க்க அப்பா ரொம்ப ஆசைப்பட்டார் என்று சொல்வதுண்டு. இருக்கலாம். வழக்கு தன் மேலும் பாயும் என்று தெரிந்த புத்திசாலி வக்கீல் முந்திக்கொண்டார் என்றும் பார்க்கலாம். ஒரு மனிதர் ஒரு காரியத்தை ஒரே காரணத்துக்காகத்தான் செய்வார் என்று என்ன கட்டாயம்? 1939 நவம்பர் 8 அன்று பந்தய மைதானத்திலிருந்து காரில் திரும்பும்போது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கபோன் சிறையிலிருந்து வெளியே வருவதற்குச் சில நாட்கள் முன்பு. கொலையாளிகள் பிடிபடவே இல்லை. மகன் அப்போது சின்னப் பையன் இல்லை. 25 வயதுக் கடற்படை அதிகாரி, பென்சகோலாவில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார்.

ஐந்து விமானம் இல்லை, மூன்றுதான் வீழ்த்தினார் என்கிறார்களே? அப்படியானால் பதக்கம் பொய்க் கணக்குக்குக் கொடுத்ததா?

அடிக்கடி வரும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. சண்டை முடிந்ததும் ஓஹேர் ஆறு விமானங்கள் என்று நினைத்தார். லெக்சிங்டனின் தலைவர் கேப்டன் ஃபிரெடரிக் ஷெர்மன் அதை ஐந்தாகக் குறைத்தார். போருக்குப் பிறகு ஜப்பானிய ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த வரலாற்றாசிரியர்கள், அவர் நேரடியாக வீழ்த்தியது மூன்று, பலத்த சேதப்படுத்தியவை வேறு சில என்ற முடிவுக்கு வந்தார்கள். எதிரியின் எண்ணிக்கையிலும் அன்றைக்குக் குழப்பம் இருந்தது. பதக்கப் பத்திரத்தில் ஒன்பது என்று இருக்கிறது, வந்தவை எட்டு.

இதில் பொய் எதுவும் இல்லை. சில நிமிடங்களில், மூச்சு வாங்க நேரமில்லாமல், கரும்புகை கக்கிக்கொண்டு கூட்டத்திலிருந்து சரியும் விமானத்தைப் பார்க்கும் யாரும் 'போச்சு' என்றுதான் நினைப்பார்கள். அது சமாளித்துக்கொண்டு தொடர்ந்து பறந்ததைப் பார்க்க அவருக்குக் கண் இல்லை, அவர் அடுத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா நாட்டு விமானப்படைகளிலும், எல்லாப் போர்களிலும், சொன்ன எண்ணிக்கை விழுந்த எண்ணிக்கையைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கிறது.

பதக்கம் எதற்கு என்று பத்திரத்தைப் படித்தால் தெளிவாகும். தன் கப்பலுக்கும் எதிரிக்கும் நடுவே தனியாகப் போய் நின்றதற்கு. விமானப் போர் வரலாற்றின் மிகத் துணிச்சலான செயல்களில் ஒன்று என்கிறது அது. மூன்றா ஐந்தா என்பது அவர் ஏஸ் ஆன தேதியை வேண்டுமானால் மாற்றும். அவர் போய் நின்றதை மாற்றாது.

பதக்கம் வாங்கிய பிறகு ஒன்றரை வருடம் சண்டைப் பக்கமே வரவில்லையே, ஏன்?

1942 ஏப்ரல் 21 அன்று வெள்ளை மாளிகையில் அதிபர் ரூஸ்வெல்ட் முன்னிலையில் மனைவி ரீட்டா அவர் கழுத்தில் பதக்கத்தை அணிவித்தார். அதன் பிறகு ஊர்வலம், பேட்டி, போர்ச் செலவுக்கான கடன் பத்திர விற்பனை. செயின்ட் லூயிஸில் பெருங்கூட்டம் கூடியது. வைல்ட்கேட்டைத் தயாரித்த குரும்மன் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் காசு சேர்த்து 1,150 பெட்டி லக்கி ஸ்டிரைக் சிகரெட் அனுப்பினார்கள், மொத்தம் 2,30,000 சிகரெட்! ஓஹேருக்கு இந்த ஆர்ப்பாட்டம் பிடிக்கவில்லை. கூச்ச சுபாவம், மேடைப் பேச்சு வராது.

ஆனால் விளம்பரத்துக்காக மட்டும் அவரை உட்காரவைக்கவில்லை. ஜூன் மாதமே ஹவாயில் தன்னுடைய பழைய ஸ்குவாட்ரனின் தலைமையை ஏற்று, புதுப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1943-ல் ஹெல்கேட் ரகப் போர் விமானத்தோடு மீண்டும் போர்முனைக்குப் போனார். மார்க்கஸ் தீவு, வேக் தீவுத் தாக்குதல்களில் கலந்துகொண்டார். அவற்றுக்கும் விருது பெற்றார். என்னைக் கேட்டால், வெளியே தெரியாத அந்தப் பயிற்சிக் காலம்தான் பிப்ரவரி 20-ஐவிட அதிக உயிர்களைக் காப்பாற்றியிருக்கும்.

'தாட்ச் வீவ்' என்ற தந்திரத்தைக் கண்டுபிடித்தது இவர்தானா?

கண்டுபிடித்தவர் ஜான் தாட்ச். ஜப்பானின் சீரோ விமானம் வைல்ட்கேட்டைவிட நன்றாகத் திரும்பும், வேகமாக மேலே ஏறும் என்ற உளவுத் தகவலைப் படித்துவிட்டு, இரவில் வீட்டு மேஜைமேல் தீக்குச்சிகளை நகர்த்தி யோசித்தவர் அவர். இரண்டு ஜோடிகள் பக்கம் பக்கமாகப் பறக்கும். ஒரு ஜோடியின் பின்னால் எதிரி வந்தால் இரண்டு ஜோடிகளும் ஒன்றையொன்று நோக்கித் திரும்பும். துரத்தி வருகிறவன் மற்ற ஜோடியின் துப்பாக்கிக்கு நேராக வந்து மாட்டுவான்.

அதை வானத்தில் சோதித்துப் பார்க்க எதிரி வேஷம் போட்டவர் ஓஹேர். தாட்ச் தரப்பு விமானங்கள் முழு வேகத்தில் போகக் கூடாது, ஓஹேர் மட்டும் போகலாம் என்று வைத்துக்கொண்டார்கள். சீரோவின் சாதகத்தை அப்படிப் பாவனை செய்தார்கள். அவர் எத்தனை பக்கத்திலிருந்து முயன்றும், சுடும் நிலைக்கு வருவதற்குள் எதிரே ஒரு விமானத்தின் மூக்கு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1942 ஜூனில் மிட்வே சண்டையில் தாட்ச் அதை நிஜமாகவே பயன்படுத்தினார்.

எப்படி இறந்தார்? ஒரு படைப்பிரிவின் தலைவர் ஏன் இரவில் தானே போக வேண்டும்?

1943 நவம்பரில் கில்பர்ட் தீவுகளைப் பிடிக்கும் போர். ஓஹேர் அப்போது எண்டர்பிரைஸ் கப்பலின் விமானப் பிரிவு முழுமைக்கும் தலைவர். பகலில் வந்தால் அடி விழும் என்று ஜப்பானிய டார்பிடோ விமானங்கள் இருட்டிய பிறகு வர ஆரம்பித்தன. இருட்டில் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து போர் விமானம் அனுப்பும் ஏற்பாடே அன்று கிடையாது. போர் விமானத்தில் ரேடார் இல்லை. அவெஞ்சர் என்ற பெரிய டார்பிடோ விமானத்தில் இருந்தது. ஒரு அவெஞ்சர், இரண்டு ஹெல்கேட் சேர்ந்து போகலாம், ரேடார் வழிகாட்ட ஹெல்கேட் சுடும் என்று ஒரு முறையை உருவாக்கினார்கள். உருவாக்கியவர்களில் ஓஹேரும் ஒருவர். அவரே முதலில் போகத் தன் பெயரைக் கொடுத்தார். இதுவரை யாரும் செய்யாத காரியத்துக்கு வேறொருவரை அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை என்றுதான் தோன்றுகிறது.

நவம்பர் 26 மாலை கிளம்பினார்கள். அவெஞ்சரை ஓட்டிய ஜான் ஃபிலிப்ஸ் இரண்டு பெட்டி விமானங்களை வீழ்த்தினார். மூன்று விமானங்களும் இருட்டில் மறுபடி ஒன்றுசேர முயன்றபோது பின்னாலிருந்து இன்னொரு பெட்டி வந்தது. சூடு நடந்தது. ஓஹேரின் ஹெல்கேட் சரிந்து கீழே போய் இருளில் மறைந்தது. காலையில் தேடியும் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த இரவில் வந்த தாக்குதல் குலைந்தது, கப்பல்களுக்குச் சேதம் இல்லை. இறந்த பிறகு அவருக்கு நேவி கிராஸ் என்ற விருதைக் கொடுத்தார்கள்.

அவரைச் சுட்டது சொந்த விமானத்தின் துப்பாக்கிக்காரர்தான் என்கிறார்களே?

அவெஞ்சரின் மேற்கூண்டில் இருந்த ஆல்வின் கெர்னன், பின்னால் வந்த விமானத்தை நோக்கிச் சுட்டார். ஓஹேரும் அதே பக்கம்தான் இருந்தார். அதனால் அன்றிலிருந்தே இந்தப் பேச்சு உண்டு. கெர்னன் பிற்காலத்தில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இலக்கியப் பேராசிரியர் ஆனார். கடைசிவரை இந்தக் கேள்வி அவரைத் துரத்தியது.

ஓஹேரின் மற்றொரு பக்கத்தில் பறந்த வாரன் ஸ்கான் சொன்னதையும் மற்றவர்களின் வாக்குமூலங்களையும் ஒப்பிட்டு விரிவாக ஆராய்ந்தவர்கள், பெட்டி விமானத்தின் முன்புறத் துப்பாக்கிக்காரர் சுட்டதே பட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். ஆனாலும் விமானமே கிடைக்காதபோது யாரும் அடித்துச் சொல்ல முடியாது. 'சொந்த ஆளே கொன்றான்' என்று தலைப்புப் போடுகிறவர்களுக்கு அந்தத் தயக்கம் இருப்பதில்லை.

டேவிட் மக்காம்பெல் 34 விமானங்களை வீழ்த்தினார், ஒரே பறப்பில் ஒன்பது. அவரைவிட இவருக்கு ஏன் இவ்வளவு பெயர்?

கணக்கு சரிதான். மக்காம்பெல் 1944 அக்டோபர் 24 அன்று லேய்ட்டே வளைகுடாச் சண்டையில் அந்த ஒன்பதைச் செய்தார். அவருக்கும் மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது. அமெரிக்கக் கடற்படையில் அவரை மிஞ்சிய ஏஸ் கிடையாது.

காலத்தைப் பாருங்கள். 1942 பிப்ரவரியில் பேர்ல் ஹார்பரின் புகை மறையவில்லை. வேக் தீவு போய்விட்டது, சிங்கப்பூர் ஐந்து நாள் முன்புதான் விழுந்தது. அமெரிக்கர்களுக்கு ஒரு நல்ல செய்தி தேவைப்பட்டது, அப்போது கிடைத்த செய்தி ஓஹேர். அவரைக் கடற்படை நன்றாகவே விளம்பரப்படுத்தியது, அதை மறைக்க வேண்டியதில்லை. மக்காம்பெல் சண்டையிட்ட காலத்தில் அமெரிக்கா ஜெயித்துக்கொண்டிருந்தது, கையில் ஆறு துப்பாக்கி உள்ள ஹெல்கேட். அதனால் அவர் சாதனை சின்னதாகிவிடாது. இருவரையும் ஒரே தராசில் போட முடியாது என்று மட்டும் சொல்கிறேன்.

படத்தில் அவர் விமானத்தில் எஃப்-13 என்று இருக்கிறது. சண்டையில் ஓட்டியது எஃப்-15 என்கிறார்கள். எது சரி? விமான நிலையத்தில் நிற்பது எது?

இரண்டும் சரி. பிரபலமான அந்தப் புகைப்படம் 1942 ஏப்ரலில் ஹவாய் அருகே விளம்பரத்துக்காக எடுத்தது. எஃப்-1 என்ற விமானத்தில் தாட்ச், எஃப்-13-ல் ஓஹேர். பிப்ரவரி 20 அன்று ஓட்டியது எஃப்-15. கடற்படை விமானிகளுக்குச் சொந்த விமானம் என்று ஒன்று கிடையாது, தளத்தில் எது தயாராக நிற்கிறதோ அதில் ஏறிப் போவார்கள்.

சிகாகோ விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் நிற்பது இரண்டும் இல்லை. போர்க் காலத்தில் மிச்சிகன் ஏரியில் பயிற்சிக்காகவே இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களை ஓட்டினார்கள். கற்றுக்குட்டிகள் தளத்தைத் தவறவிட்டு ஏரியில் விழுந்த விமானங்கள் ஏராளம். அப்படி மூழ்கிய ஒரு எஃப்4எஃப்-3-ஐப் பல்லாண்டு கழித்து வெளியே எடுத்துச் சரிசெய்து, ஓஹேர் சண்டையில் ஓட்டிய விமானத்தைப் போல வண்ணம் பூசி வைத்திருக்கிறார்கள்.